தொப்பியில் வந்த ‘கொதை’

பதினேழு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தியின் பெயர், அவளே காசு கொடுத்துச் செய்வித்த தொப்பியில் பிழையோடு வந்து சேர்ந்தது என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தன நிறத் தொப்பி, அரக்கு நிற நூல், நெற்றிக்கு நேராக என் பெயர். பெட்டியைப் பிரித்து முதல் தொப்பியைக் கையில் எடுத்தபோது அதில் ‘கொதை’ என்று இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே, பன்னிரண்டிலும் அப்படியே. நாள் முழுவதும் பிறர் எழுத்தில் குறில் நெடில் பார்த்துச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை அமையாது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வரைந்து கொடுத்தது ‘கோதை’தான். எம்பிராய்டரி செய்தவரும் எதையும் மாற்றவில்லை. இரட்டைக்கொம்பின் மேற்சுழிக்குள் இருந்த சிறிய இடைவெளியை நூல் அடைத்துக்கொண்டது. ஒரு சுழி அடைபட்டதும் நெடில் குறிலாகிவிட்டது. எனக்கென்று ஓர் எழுத்து இலச்சினை (லோகோ) வரைந்து, அதைப் பை, சட்டை, கோப்பை, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த ஓராண்டில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதி அந்தச் சுழிக்குள் இருந்துதான் வந்தது.

இலச்சினை வேண்டும் என்ற எண்ணம் பெருமைக்காக வந்ததன்று. பதிப்பகத்து வேலையை விட்டுவிட்டுக் கோவையில் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்க்கத் தொடங்கியதும், பில் புத்தகத்தின் தலையில் அச்சிட ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. பிறகு, பொங்கலுக்கு வாடிக்கையாளர்களுக்கு நாட்காட்டி கொடுப்பதற்குப் பதிலாக, அதே அடையாளத்தைப் போட்டுப் பையும் கோப்பையும் கொடுக்கலாமே என்று தம்பி சொன்னான். தன் பெயரைப் பொருளில் போட்டுக்கொள்வதா என்று அம்மாவுக்குக் கூச்சம். ஆனால் நமக்கு இது புதிய வழக்கமா என்ன? மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை இல்லாமல் ஒரு கல்யாணம் முடிவதில்லை. பெயர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. துணிக்கடையின் பெயரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டுதான் இரண்டு தலைமுறை சந்தைக்குப் போயிருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியபோது அந்தப் பையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்துகொள்ளலாமே என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார், எக் டைப் குழுவினரின் முக்தா மலர், அனெக் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் பல இன்று திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு இலச்சினை செய்வதையோ, அதைப் பொருள்களில் அச்சிட்டு விற்பதையோ அந்த உரிமம் தடுப்பதில்லை. விலைக்கு வாங்கும் எழுத்துருக்களுக்கு நிபந்தனைகள் வேறாக இருக்கும். வாங்குவதற்கு முன் உரிமத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

இருந்தும் நான் எழுத்துருவை விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்து உட்கார்ந்தாலும் அனுசரித்துப் போக வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது எழுத்துரு. அதன் ககரம் ‘கூ’வுக்கும் உதவ வேண்டும், ‘க்ஷ’வுக்கும் உதவ வேண்டும். என் பெயரிலோ ககரத்தின் வலப்பக்கம் காலைத் தவிர வேறொன்றும் வரப்போவதில்லை. தகரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அண்டை வீட்டார் யார் என்பது முன்கூட்டியே தெரிந்த எழுத்துகளுக்கு அத்தனை பொதுநலம் வேண்டியதில்லை.

என் பெயரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்பது வரைய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ‘கோதை’ பேச்சில் இரண்டு எழுத்து. கணினியின் நினைவில் க, ஓகாரக் குறி, த, ஐகாரக் குறி என்று நான்கு. தாளில் வரும்போது ஐந்து உருவம்: இரட்டைக்கொம்பு, ககரம், கால், இணைக்கொம்பு, தகரம். கொம்பு, உடல், கால், கொம்பு, உடல் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அதில் ஒரு தாளம் இருப்பது தெரியும். ககரமும் தகரமும் உடன்பிறந்தவை. மேல்கோடும் இடப்பக்கச் சுழிப்பும் ஏறக்குறைய ஒன்றேதான், தகரத்துக்கு மட்டும் வால் கீழே இறங்கி இடப்பக்கமாக வளைகிறது. இரண்டு கொம்புகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நடுவில் கால் மட்டும் உறவு யாரும் இல்லாமல் தனியாக நிற்கிறது. பெயரில் ழகரம் இல்லையே என்று எனக்காக வருந்திய நண்பர்களும் உண்டு. ழகரம் அச்சிடாத டிசர்ட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய இந்தக் காலத்தில், அது என் பெயரில் இல்லாததை நான் நல்வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் வரைவுகளைப் பள்ளிக்கூடத்து இரட்டைக்கோட்டு நோட்டில்தான் போட்டேன். தூரிகைப் பேனாவால் தடித்தும் மெலிந்தும் ஓடுகிற கோட்டில் எழுதிப் பார்த்தபோது, கல்யாணப் பத்திரிகையின் மேல்மூலையிலிருந்து வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. ஆகவே ஒரே தடிமனுள்ள கோட்டுக்கு வந்தேன். தகரத்தின் வாலை இழுத்துப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடவிட்டது அந்த நாள்களில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுத்துக்கலை பழகும் எவரும் முதலில் செய்யும் காரியம் இது என்று பின்னால் தெரிந்தது. அது தெரிவதற்குள் இருபது பக்கம் போய்விட்டது.

நான்காவது வாரத்தில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகனிடம் ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அவன் ஒவ்வொரு உருவமாக விரல் வைத்து, “கே... ர... தை. கேரதைன்னா என்ன அத்தை?” என்று கேட்டான். ஒய்யாரமாக இருக்கட்டும் என்று காலின் அடியை நான் லேசாக இடப்பக்கம் சாய்த்து இழுத்திருந்தேன். அந்தச் சாய்வு காலை ரகரமாக்கிவிட்டது. பெரியவர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்காததற்குக் காரணம், அவர்களுக்கு என் பெயர் முன்பே தெரியும் என்பதே. மெய்ப்புத் திருத்தும் வேலையில் முதற்பாடமும் இதுதான்: என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணுக்கு என்ன இருக்கிறது என்பது தெரியாது.

ஓலைச்சுவடிகளை வைத்துக்கொண்டு உ.வே. சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடும் இதுவேதான். ஏட்டில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. இடம் பார்த்துத்தான் இது கால், இது ரகரம் என்று முடிவு செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது என்று காலின் அடியை அடிக்கோட்டில் நேராக வெட்டி நிறுத்தினேன். காலுக்கும் அதை அடுத்து வரும் இணைக்கொம்புக்கும் இடையே மற்ற இடைவெளிகளைவிட ஒரு முடி அதிகமாக விட்டேன். முதல் மூன்று உருவங்கள் சேர்ந்து ஓர் எழுத்து, அடுத்த இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்பது கண்ணுக்கே தெரிய வேண்டும். அதைச் சொல்லும் வேலை அந்த ஒரு முடி இடைவெளியினுடையது.

பிறகு டிரேசிங் தாளில் படியெடுத்து, ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் மென்பொருளில் வளைவுகளாக வரைந்தேன். அது ஒரு தனிப் பொறுமை. வளைவு மேல், கீழ், இடம், வலம் என்று அதிகபட்சம் தொடும் இடங்களில் மட்டும் முனைப்புள்ளி வைத்தால் கோடு எண்ணெய்போல் ஓடும். ஆசைப்பட்டுப் புள்ளிகளைக் கூட்டினால் தார்ச்சாலைக் குழிகள்போல் மேடு பள்ளம் தட்டும். அளவுகோலை நம்பியும் பயனில்லை. வட்டமான அடியையும் தட்டையான அடியையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வட்டம் மேலே மிதப்பதாகத் தெரியும்; ஆகவே சுழிகளை அடிக்கோட்டுக்குக் கீழே சற்று இறக்க வேண்டும். கிடைக்கோடும் நெடுக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடுதான் தடித்ததாகத் தோன்றும். ஆகவே ககரத்தின் தலைக்கோட்டைக் கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டும். ஒரே தடிமன் என்று நான் சொன்னதெல்லாம் பார்வைக்கு ஒரே தடிமன், அவ்வளவே. எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கைக் கோட்டின் தடிமனாக வைத்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. பின்னால் எனக்கு வினையாக வந்ததும் அந்தக் கம்பீரம்தான்.

அச்சகத்துக்கு முதன்முதலில் கோப்பு அனுப்பியபோது, இலச்சினைக்குக் கீழே ‘மெய்ப்புத் திருத்துநர்’ என்ற வரியை எழுத்தாகவே விட்டிருந்தேன். அவர்கள் கணினியில் இருந்த பழைய கோரல் டிரா வரைகலை மென்பொருளில் கொம்புகள் தனியாகக் கழன்று, பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு நின்றன. அங்கே இருந்த பையன் பதறவில்லை. “கர்வ் பண்ணி அனுப்புங்க அக்கா. தமிழ்னாலே கர்வ் பண்ணாம வாங்கவே மாட்டோம்” என்றான். எழுத்தை எழுத்தாக அல்லாமல் வெறும் வளைகோடுகளாக மாற்றிவிடுவதைத்தான் அவர்கள் கர்வ் என்கிறார்கள். ஒருங்குறி (யூனிகோடு) பரவி இத்தனை ஆண்டுகள் ஆகியும், நம் அச்சகங்களில் தமிழைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க அதைப் படமாக்கிவிடுவதே நம்பகமான வழி என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

டிசர்ட்டுக்குத் திருப்பூர் போனேன். இருபத்தைந்து சட்டை, 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி, பாதி வெள்ளை, பாதி கருநீலம். ஒன்றிரண்டு சட்டைக்கு டி.டி.எஃப். போதும் என்று எல்லோரும் சொன்னார்கள்: படச்சுருளில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, சூடான அழுத்தியால் துணியில் ஒட்டிவிடும் முறை அது. எத்தனை நிறம் வேண்டுமானாலும் வரும். ஆனால் தடவிப் பார்த்தால் துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தோல் உட்கார்ந்திருப்பது விரலுக்குத் தெரியும். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே நிறமுள்ள இலச்சினைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கே மேல். நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன் போட வேண்டும் என்பதால், ஒரு நிறத்தோடு நிற்பவர்களுக்குச் செலவும் குறைவு.

அங்கே பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணிக்கு ஒளி பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, இருட்டறையில் காயவைத்து, என் இலச்சினையைக் கறுப்பாக அச்சிட்ட, பாசிட்டிவ் என்னும் ஒளி ஊடுருவும் தாளைக் கீழே வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இறுகிவிட்டது. கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீர் பீய்ச்சியதும் கரைந்து ஓடியது. சட்டத்தைத் தூக்கிப் பிடித்தபோது, என் பெயர் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. மாஸ்டர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இரட்டைக்கொம்பின் மேற்சுழியை நகத்தால் சுட்டி, “இந்த ஓட்டை நிக்கறது கஷ்டங்க. வெள்ளைச் சட்டைக்குப் பரவால்ல, நீலத்துக்கு அடைச்சுக்கும்” என்றார். நான் தலையாட்டினேன், காதில் வாங்கவில்லை.

அவர் சொன்னதில் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடந்தன. கருநீலத்தின் மேல் வெள்ளை மை எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஒருமுறை இழுத்தால் போதாது. ஒரு பூச்சு இழுத்து, சூடு காட்டி உலர்த்தி, அதன் மேல் இன்னொரு பூச்சு இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் மை ஓரங்களில் ஒரு நூல் அளவு பரவும், சுழிகள் அந்த அளவு சுருங்கும். இது மையின் குணம். இன்னொன்று கண்ணின் குணம்: இருட்டின் மேல் இருக்கும் வெளிச்சக் கோடு, உள்ளதைவிடத் தடித்ததாகவே நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால், கருநிறத் துணிக்கென்று கோட்டை மெலியச் செய்த தனிப் பதிப்பு ஒன்று தேவை. என்னிடம் அப்போது அது இல்லை. ஆகவே வெள்ளைச் சட்டைகளில் நான் கோதை. நீலச் சட்டைகளில், சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒருத்தி.

அதற்குள் தொப்பிக்கும் பணம் கட்டியிருந்தேன். எம்பிராய்டரி இயந்திரத்துக்கு நம் வளைகோடுகள் புரியாது. ஒவ்வொரு தையலும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பஞ்சிங் செய்பவர் கணினியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நூலுக்கென்று ஒரு பருமன் உண்டு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். தையல் இறுகும்போது துணியும் தன் பங்குக்குச் சுருங்கி இழுக்கும். தொப்பியில் என் எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டர். கோட்டின் தடிமன் 1.7, மேற்சுழிக்கு உள்ளே மிஞ்சிய இடம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தைக்கும் முன்பே தெரிந்திருக்கும். பன்னிரண்டு கொதைகள் வந்து சேர்ந்த பிறகு போட்டேன்.

வீட்டுச் சிரிப்பு அடங்கியதும் அம்மா பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை இறக்கிக் கொடுத்தார். பாட்டியினுடையது. பாட்டியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். மூடியின் விளிம்பை ஒட்டி, பாத்திரக்கடையில் கைம்மெஷினால் வெட்டிய ‘கோதை’. அந்த மெஷின் கோடு போடுவதில்லை. நடுங்கிக்கொண்டே நெருக்கமாகப் புள்ளி குத்திப் போகிறது. எழுத்தின் உயரம் எட்டு மில்லிமீட்டர்கூட இராது. அரை நூற்றாண்டு சாம்பலும் தேங்காய் நாரும் தேய்த்த பிறகும், அது கோதை என்பதில் ஐயமே எழவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெட்டியவர் இரட்டைக்கொம்பின் மேற்சுழியைக் கீழ்ச்சுழியைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார். வழுக்கும் இரும்பின் மேல் அதிரும் ஊசியைச் சின்ன வட்டத்தில் திருப்ப முடியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அழகுக்காகச் செய்திருக்க மாட்டார். ஆனால் எந்தச் சுழியில் நெடில் தங்கியிருக்கிறதோ அந்தச் சுழிக்குத்தான் இடம் கிடைத்திருந்தது.

அந்தச் சுழிக்கு ஒரு கதையும் இருக்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைத்து எழுதுவதும், புள்ளி இல்லாவிட்டால் அது நெடில் என்று கொள்வதும் தொல்காப்பியம் சொல்லும் பழைய முறை. ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டதால் குறிலும் நெடிலும் ஒன்றாகக் கலந்து, வாசிப்பவர் பாடு திண்டாட்டமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், கொம்பையே மேலே சுழித்து நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்தார் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். எத்தனையோ முறை தேர்வில் எழுதியிருக்கிறேன். என் பெயரின் நெடில் முழுவதும் அந்த ஒற்றைச் சுழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது உறைக்க, பன்னிரண்டு தொப்பிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

மறுபடி வரைந்தேன். இம்முறை திரையில் பெரிதாக வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் அச்சிட்டு, கைநீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். கோட்டின் தடிமனை ஏழில் ஒரு பங்கிலிருந்து ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தேன். மேற்சுழியைச் சம்படத்தில் இருந்ததுபோலவே கீழ்ச்சுழியைவிடப் பெரிதாக்கினேன். தொப்பியின் அளவில் அதன் உள்வெளி இரண்டரை மில்லிமீட்டர் வரை வந்தது. கொம்பின் தலை பெருத்ததும் ககரம் ஒடுங்கித் தெரிந்தது, அதை அகட்டினேன். ககரத்தை அகட்டியதும் தகரம் கோபித்துக்கொண்டது, அதையும் அகட்டினேன். பெயர் முழுவதற்கும் ஓடிய வாலை இணைக்கொம்புக்குக் கீழே வந்ததும் வெட்டி நிறுத்தினேன். ரப்பர் முத்திரை செய்தவரிடம் கேட்டால் வாலை முழுவதுமாக வெட்டச் சொல்லியிருப்பார். அந்த நீண்ட மெல்லிய கோடுதான் முத்திரையில் முதலில் பிய்ந்து வந்தது.

பழைய வடிவத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், பழையதுதான் திரையில் எடுப்பாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதியது சற்றுச் சாதுவானது. சுழிகள் விழித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். தம்பிக்கு இன்னமும் பழையதன் மேல்தான் ஆசை. துணிக்கும் நூலுக்கும் ரப்பருக்கும் புதியதுதான் பிடித்திருக்கிறது. அவர்கள் பக்கம் ஆள் அதிகம்.

கோப்பையில் வந்த சிக்கல் வேறு வகை. அங்கே சுழி அடைபடாது; மை சூட்டில் ஆவியாகிக் கோப்பையின் மேற்பூச்சுக்குள் இறங்கிவிடுவதால் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இடம்தான் பிரச்சினை. வழக்கமான 11 அவுன்ஸ் கோப்பையின் குறுக்களவு எட்டு சென்டிமீட்டர் சொச்சம். எதிரே நின்று பார்ப்பவருக்கு அதன் முன்பக்கத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் ஒழுங்காகத் தெரியாது. மற்றதெல்லாம் வளைந்து ஓடிவிடும். பெயரைப் பெரிதாகப் போட்டால் ‘கோ’ மட்டும் தெரிந்து, தகரத்தின் வால் கைப்பிடியைத் தேடிப் போயிற்று. அப்படிப் போனதைப் பார்த்தபோதுதான், ‘கோ’வை மட்டும் தனியாக ஒரு சிறு முத்திரையாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அரசன் என்றும் பொருள், பசு என்றும் பொருள். ஆங்கிலம் அறிந்தவர்கள் போ என்று வாசித்துக்கொள்வார்கள். பேனா மூடி, ஒட்டுப்படம், மின்னஞ்சலின் அடி என்று நெருக்கடியான இடங்களிலெல்லாம் இப்போது அதுதான்.

மாதிரிக்குச் செய்த முதல் கோப்பையில், படத்தைக் கோப்பைக்கு மாற்றும் தாளில் இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டியதைக் கடைக்காரர் மறந்துவிட்டார். கொம்பும் காலும் இடம் மாறி, எந்த மொழியென்று சொல்ல முடியாத ஓர் எழுத்து வந்தது. அவர் சங்கடப்பட்டுக்கொண்டு வேறொன்று போட்டுத் தந்தார். தவறிய கோப்பையை நான் தூக்கிப் போடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் அதை வைத்தால் அப்பழுக்கில்லாத கோதை.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரக்கு என்று ஒன்றைத் தேர்ந்தேன். அது துணியில் அரக்காகவும், கோப்பையில் காப்பிப் பொடியாகவும், நூலில் கடைக்காரரிடம் இருந்த கண்டின் நிறமாகவும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் துண்டு மாதிரி வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுப்பது தவிர வேறு வழி தெரியவில்லை. மஞ்சள் பையின் மேல் மட்டும் அது கேட்காமலே அமைந்தது. முரட்டுத் துணியில் இழைக்கு இழை மை ஏறி இறங்கி, ஓரங்கள் பிசிறித்தான் வரும். புதிய வடிவம் அந்தப் பிசிறையும் தாங்கிக்கொண்டது. ஐம்பது பைகளில் ஒன்றுகூடக் குறிலாகவில்லை. கூச்சப்பட்ட அம்மாதான் முதல் பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனார்.

இந்த இலச்சினையை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவைக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, தனிநபர் இணையவழியே விண்ணப்பித்தால், வகுப்பு எனப்படும் பொருள் வகை ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தாள் பொருள்கள் 16ஆம் வகுப்பு, கோப்பை 21, சட்டையும் தொப்பியும் 25 என்று, பையைச் சேர்க்காமலே மூன்று வகுப்புகள் ஆகின்றன. தன் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பின்னி முத்திரையாக்கிய ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. வெனிஸில் ஒருவர் அவருடைய அச்சுப்படங்களை முத்திரையோடு சேர்த்துப் படியெடுத்து விற்க, முறையிடப் போன டியூரருக்கு அந்த முத்திரையைப் போடக்கூடாது என்ற அளவில்தான் நியாயம் கிடைத்தது என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். என் பெயரைப் போட்டு மெய்ப்புத் திருத்தி விற்கும் ஆள் யாராவது கிளம்பும்வரை 13,500 ரூபாயைக் கையிலேயே வைத்திருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் தம்பி வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வாங்கப் பாத்திரக்கடைக்குப் போயிருந்தேன். பில் போட்டதும் மெஷினைக் கையில் எடுத்த பெரியவர், “பேர் என்னங்க?” என்றார். கைப்பையில் இருந்த இலச்சினைத் தாளை விரித்துக் காட்டி, இதேபோல் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். தாளை வாங்கி ஒரு விநாடி பார்த்தார். “நல்லா இருக்குதுங்க. ஆனா மெசினு அப்படியெல்லாம் போகாதுங்களே” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தொடையில் சாய்த்து, ஊசி கிறீச்சிட, ஐந்து விநாடியில் தன் கையெழுத்தில் எழுதி முடித்தார். கோதை. மேற்சுழி கீழ்ச்சுழியைவிடப் பெரிது. எவ்வளவு என்று கேட்டேன். பெயர் வெட்டுவதற்குத் தனியாகக் காசு இல்லை என்றார்.